சத்தம் எங்கிருந்து வருகிறது?



கல்முனைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவரது பெயரும் ஊரும் அமானிதம். விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவர்கள் வீட்டில் பல வருடங்களாகப் பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. மெதுவாகப் போகும்போது எஞ்ஜின் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது. வேகம் கூடினால் அந்தச் சத்தம் இல்லை. கிளச் பழுது என்று ஒருவர் சொன்னாராம். செயின் சத்தம் என்று வேறொருவர் சொன்னாராம். இப்போது அந்தப் பைக்கை விற்கப் பேச்சு நடக்கிறது. வாங்க வருபவர் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர். தன் உம்மாவின் காப்பை அடகு வைத்துக் காசு கொண்டு வருகிறார். "மெயின் ரோட்டில் ஓடிக் காட்டினால் போதும், அங்கே சத்தம் கேட்காது. நீ வாய் திறக்காதே" என்று கணவர் சொல்லிவிட்டார். விற்ற காசில் மகளின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் எடுக்க வேண்டுமாம். நான் பேசாமலிருந்தால் அல்லாஹ்விடம் குற்றவாளியா என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. பொத்துவில் முதல் மருதமுனை வரை நமது கரையோர ஊர்களில் மோட்டார் சைக்கிள்தான் பல குடும்பங்களின் ஒரே வாகனம். பிள்ளை பாடசாலைக்குப் போவதும், நெல் மூட்டை வீட்டுக்கு வருவதும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் படிப்படியாகத் திறந்து விடப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் புதிய பைக் கிடைப்பது அரிதாகி, பெரும்பாலும் பாவித்த பைக்குகளே கை மாறின. ஆகவே விற்பவர் வீட்டிலும் வாங்குபவர் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

சகோதரியின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் உள்ளன. சத்தம் எதிலிருந்து வருகிறது என்பது ஒன்று. அதை மறைக்கலாமா என்பது மற்றது. முதலாவது தெரியாமல் இரண்டாவதுக்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் எல்லாச் சத்தமும் மார்க்கத்தின் பார்வையில் குறை அல்ல. பொருளின் பெறுமதியையோ, அதனால் கிடைக்க வேண்டிய பயனையோ குறைப்பதும், அந்த வகைப் பொருளில் வழமையாக இல்லாததுமான ஒன்றையே நமது ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் 'ஐப்' என்கிறார்கள். பத்து வருடம் ஓடிய பைக்கில், அதே வகை, அதே வயதுப் பைக்குகள் எல்லாவற்றிலும் கேட்கும் இலேசான சத்தம் ஐப் ஆகாது. ஒரு பாகம் தேய்ந்து உடையப் போகிறது என்று அறிவிக்கும் சத்தம் ஐப் ஆகும். எது எது என்று சொல்ல வேண்டியவர் மௌலவி அல்ல, தொழில் தெரிந்தவர்தான். ஆனாலும் கராஜுக்குப் போவதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே ஓரளவு கண்டுகொள்ள முடியும்.

கிளச் என்றால் என்ன?

எஞ்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் சில்லு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்சின் வேலை. இடியப்பத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கையால் அழுத்திப் பிடித்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். கையை எடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே வழுக்கும் அல்லவா? கிளச்சும் அப்படித்தான். உள்ளே வட்டத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடிக்கின்றன. இடக்கையால் கிளச் பிடியை இழுத்தால் அழுத்தம் விலகி எஞ்ஜினும் சில்லும் பிரிகின்றன.

இந்தத் தட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றின் ஓரத்தில் சிறு காதுகள் உண்டு. அந்தக் காதுகள் வெளிக்கூட்டின் பிளவுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் ஓடும்போது காதுகள் பிளவின் சுவர்களில் பள்ளம் விழுத்திவிடும். பிடிமானம் தளர்ந்த தட்டு முன்னும் பின்னும் அடிபடத் தொடங்கும். நீங்கள் கேட்கும் கடகட சத்தத்துக்கு இது ஒரு காரணம்.

மெதுவாகப் போகையில் மட்டும் கேட்பது ஏன்? நமது ஊர்களில் ஓடும் சாதாரண பைக்குகளின் எஞ்ஜின் ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் 700 வெடிப்பு. ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டளவு. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு தள்ளு. இடையில் ஒரு தளர்வு. தள்ளும் தளர்வும் மாறி மாறி வரும்போது தளர்ந்த பாகம் எதுவோ அது இரண்டு பக்கமும் மோதுகிறது. வேகம் எடுத்ததும் தள்ளுகள் நெருங்கி, இழுவை ஒரே சீராகி, பாகங்கள் ஒரு பக்கமாக அழுந்தி நின்றுவிடுகின்றன. மீதிச் சத்தத்தைக் காற்று மூடிவிடுகிறது. பழுது அங்கேயேதான் இருக்கிறது. காது மட்டும்தான் அதைக் கேட்கவில்லை.

முற்றத்தில் செய்யும் மூன்று சோதனைகள்

திறந்த வெளியில் செய்யுங்கள். அடைத்த அறைக்குள் எஞ்ஜினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகை உயிரைக் கொல்லும். பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்ஜினை ஓடவிட்டால், கியர் போடாவிட்டாலும் பின் சில்லு மெல்லச் சுற்றக்கூடும். அபாயாவின் ஓரத்தையும் முந்தானையையும் பிள்ளைகளின் கையையும் செயினுக்கும் சில்லுக்கும் கிட்டவே விடாதீர்கள். சைலன்சர் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலாவது, எஞ்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் வைத்துப் பைக்கைக் கையால் தள்ளுங்கள். அப்போதும் அதே சத்தம் கேட்டால் அது கிளச் அல்ல. செயின், செயின் ஓடும் பல்சக்கரம், சில்லின் பெயாரிங், பிரேக் ஆகியவற்றில் ஒன்று. நமது கரையோரத்தில் கடல் உப்பும் மணலும் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். பெரும்பாலான சாதாரண பைக்குகளில் செயின் இடப்பக்கம், கிளச் எஞ்ஜினின் வலப்பக்கம். எந்தப் பக்கம் காதைக் கொடுத்தால் சத்தம் பலமாகக் கேட்கிறது என்பதே பாதி விடை சொல்லிவிடும்.

இரண்டாவது, எஞ்ஜினைச் சற்றுச் சூடாகும் வரை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கேளுங்கள். பின்பு கிளச் பிடியை மெதுவாக இழுங்கள். இழுத்ததும் சத்தம் நின்றால் அல்லது நன்றாகக் குறைந்தால், குறை கிளச்சின் வெளிக்கூட்டிலோ, அதோடு சேர்ந்த பல்சக்கரத்திலோ, கியர் பெட்டித் தண்டின் பெயாரிங்கிலோ இருக்கலாம். இழுக்கும்போதுதான் சத்தம் புதிதாக வருகிறது என்றால், கிளச்சை விலக்கும் சிறு பெயாரிங்கையும் தள்ளு தண்டையும் தட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரிக் கேட்டால் கிளச்சைக் குற்றம் சொல்ல வேண்டாம். எஞ்ஜினின் வால்வுப் பக்கம், அல்லது உள்ளே ஓடும் டைமிங் செயின் பக்கம் தேட வேண்டும்.

மூன்றாவதை ஓட்டத் தெரிந்தவர் செய்யட்டும். ஒழுங்கைக்குள் முதலாம் கியரில், நடக்கிற வேகத்தில் போய், கிளச்சை மெல்ல விட வேண்டும். பைக் நடுங்கி நடுங்கி எழும்பினால் தட்டுகள் சீராகப் பிடிக்கவில்லை. எஞ்ஜின் இரைந்தும் பைக் அதற்கேற்றபடி போகாமல் வழுக்கினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன, அல்லது பிடியின் கேபிள் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது.

ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகள் இப்போது நம் ஊர்களில் அதிகம். அதில் கிளச் பிடி கிடையாது. இரண்டாவது சோதனை அதற்குப் பொருந்தாது. எஞ்ஜின் வேகம் ஏறும்போது உள்ளிருக்கும் கட்டைகள் வெளியே விரிந்து ஒரு கிண்ணத்தைப் பற்றிக்கொள்வதே அதன் கிளச். பொதுவாக அது இடப்பக்கம், பின் சில்லோடு சேர்ந்திருக்கும். புறப்படும் நேரத்தில் மட்டும் நடுக்கமும் கிறீச்சிடலும் இருந்தால், கட்டைகளில் தூசி படிந்திருக்கலாம் அல்லது அவை தேய்ந்து மினுங்கியிருக்கலாம். கழற்றித் துப்புரவு செய்ததுமே பல தடவைகளில் சரியாகிவிடும். பழைய ஹொண்டா எம்டி 90 போன்றவற்றிலும் கையில் கிளச் இல்லை; கியர் மிதியை அழுத்தும்போதே கிளச் விலகும்.

சிறிய காரணங்களை முதலில் பாருங்கள்

கிளச் என்றதும் பெரிய செலவு என்று பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். ஆனால் கழற்றாமலே தீரும் காரணங்களும் உண்டு. நின்ற இடத்தில் எஞ்ஜின் சுற்றும் வேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தால் நல்ல கிளச்சும் கடகடக்கும்; ஒரு திருகாணியைத் திருப்பினால் அது தீரும். கிளச் பிடியில் விரலுக்குத் தெரியும் சிறிய தளர்வு இருக்க வேண்டும். அதன் அளவு பைக்கோடு வந்த கைநூலில் இருக்கும்.

ஒயிலையும் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளச் எஞ்ஜின் ஒயிலுக்குள்ளேயே நனைந்து கிடக்கிறது. அளவு குறைந்தாலும், ஒயில் கறுத்துத் தண்ணீராகிவிட்டாலும் சத்தம் கூடும். காருக்குரிய சில ஒயில்களில் வழுக்கலைக் கூட்டும் மருந்துகள் கலந்திருக்கும். அவற்றை ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். ஈரக் கிளச் உள்ள பைக்குக்குரிய ஒயில் போத்தலில் 'ஜாஸோ எம்ஏ' என்ற குறி இருக்கும். 2024 நவம்பர் இறுதியில் நமது அம்பாறை மாவட்டத்தில் வந்தது போன்ற வெள்ளத்தில் எஞ்ஜின் மூழ்கிய பைக் என்றால், ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமலே கராஜுக்குக் கொண்டு போங்கள்.

இவை எதிலும் தீரவில்லை என்றால், வலப்பக்க மூடியைக் கழற்றி நல்லதொரு மெக்கானிக் கண்ணால் பார்க்கட்டும். 'கிளச்தான்', 'செயின்தான்' என்று வீதியில் நிற்பவர் சொல்வதைக் கேட்டுப் போன முறை திருத்தியவரையோ, பைக்கை நமக்கு விற்றவரையோ குற்றம் சாட்டிவிடாதீர்கள். ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்பு வருந்த நேரும் என்ற காரணத்தையும் அதே வசனம் சொல்கிறது.

இனி மார்க்கத்தின் பதில்

சோதித்துப் பார்த்து உண்மையான குறை என்று தெரிந்துவிட்டால், அதை மறைத்து விற்பது ஹராம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் அப்போது சொன்னார்கள். மெதுவாகப் போகையில் கேட்கும் சத்தத்தை மறைக்க, நிந்தவூரைத் தாண்டி அட்டாளைச்சேனைப் பக்கம் திறந்த வீதியில் வேகமாக ஓட்டிக் காட்டுவதற்கும், காய்ந்த தானியத்தை மேலே பரப்பி வைப்பதற்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள்.

சகோதரி கேட்ட கேள்வி அதைவிட நுட்பமானது. விற்பவர் கணவர், இவர் பேசாமல் நிற்பவர். இவருக்கும் குற்றமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில், சம்பாத்தியம் பற்றிய பாகத்தில் ஒரு சம்பவம் எழுதுகிறார்கள். வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) என்ற ஸஹாபி நின்றிருந்த இடத்தில் ஒருவர் தமது ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். வாஸிலா (ரழி) அவர்கள் கவனிப்பதற்குள் வாங்கியவர் ஒட்டகத்தோடு போய்விட்டார். அவர்கள் பின்னாலேயே ஓடிச் சென்று, இறைச்சிக்கா வாங்கினாய், சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் பாதத்தில் ஒரு துவாரம் இருக்கிறது, தொடர்ந்து நடக்க அதனால் முடியாது என்று தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் விலையில் 100 திர்ஹம் குறைத்துக் கொடுத்தார். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று அவர் வருந்தியபோது, எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாங்கள் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். விற்பவர் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதல்ல, அதை அறிந்த வேறொருவர் சொல்லாமலிருப்பதும் ஆகுமானதல்ல என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள்.

இதைக் கவனியுங்கள். வாஸிலா (ரழி) விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர், அறிந்தவர், அவ்வளவுதான். நமது மத்ஹபின் சட்டமும் இதுவே. ஆகவே சகோதரியே, அறிந்துகொண்டே நீங்கள் மௌனமாக இருந்தால் அதில் உங்களுக்கும் பங்குண்டு.

ஆனால் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்க வந்தவர் முன்னால் கணவரின் முகத்தை உடைக்க வேண்டாம். முதலில் அவரிடம் தனியாக, கனிவாகப் பேசுங்கள். உண்மையைச் சொல்லி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளதை ஞாபகப்படுத்துங்கள். அந்தக் காசு போய்ச் சேரப்போவது வேறெங்குமல்ல, உங்கள் மகளின் வீட்டுச் சுவருக்கு. இன்னொரு உம்மாவின் அடகு வைத்த காப்பு அந்தச் சுவருக்குள் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். மனைவி சொல்லி மனம் மாறாத கணவர், மகளின் பெயரைக் கேட்டால் மாறுவார். அப்படியும் மாறாவிட்டால், வியாபாரம் முடிவதற்கு முன்னர், நம்பிக்கையான ஒரு பெரியவர் மூலமாகவேனும் வாங்குபவருக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

கணவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, திருத்திவிட்டு விற்பது. இரண்டு, திருத்தாமல், குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பது. மூன்று, வாங்குபவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வர அனுமதித்து, அவர் கண்டதை இருவரும் எழுதிக்கொண்டு விற்பது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதவும், விற்பனைக்குச் சாட்சி வைக்கவும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் வழிகாட்டுகிறது. 'இருந்தபடி விற்கிறேன், பிறகு வரக்கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெரிந்தே மறைத்த குறையிலிருந்து அந்த வார்த்தை விற்பவரைக் காப்பாற்றாது.

வாங்கும் வீட்டுச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பாவித்த பைக் வாங்கப் போகும் உங்கள் மகனிடமோ கணவரிடமோ, பெரிய வீதியில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கல்முனை பஸார் நெரிசலுக்குள்ளும், சாய்ந்தமருது, மருதமுனை ஒழுங்கைகளுக்குள்ளும் மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். எஞ்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு முறையும் சூடானபின் ஒரு முறையும் கிளச்சை இழுத்து விட்டுக் கேட்கட்டும். வாங்கியபின், விற்கும்போதே இருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கத்தில் உண்டு. நமது மத்ஹபில் அந்த உரிமை குறை தெரிந்த உடனேயே பயன்படுத்த வேண்டியது. தெரிந்த பிறகும் நியாயமான காரணமின்றி நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும்.

கடைசியாக ஒன்று. கிளச் பிடியில் எப்போதும் விரலை வைத்து அரைவாசி இழுத்தபடியே ஓட்டும் பழக்கம் நம் இளைஞர்களிடம் உண்டு. தட்டுகள் காலத்துக்கு முந்தித் தேய அதுவும் ஒரு காரணம். நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். வாகனமும் அல்லாஹ் தந்த நிஃமத்துதான். அதை வீணாக்குவதும் வீண்விரயமே.

நம் வீடுகளுக்குள் வரும் ஒவ்வொரு காசையும் வல்ல ரஹ்மான் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக. அறிந்த உண்மையை உரிய நேரத்தில், உரிய முறையில் சொல்லும் தைரியத்தை நமது சகோதரிகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.